கவனக்குறைவு

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? உன் பிள்ளை ஆணி, லாரி ஆபீசுக்கு ஒழுங்காகப் போய் வருகிறானா? இங்கே தொலைபேசி ஒன்றுதான், அதையும் வார்டன் தன் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அதனால் கடிதமே போடு.

நாங்கள் மொத்தம் பதினான்கு பேர். எல்லோரும் தொழிற்பள்ளிகளில் இரும்பு வேலைப் பாடம் நடத்துகிறவர்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியும் ஒரு தொழிற்சாலைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களாகப் பொறுக்கி எடுத்து, ஆறு மாதம் கைவேலை கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். ஐம்பத்தோரு வயதில் எனக்குக் காக்கி உடுப்பு.

பயிற்சி கொடுப்பவர் ஒரு பெண்மணி. பதினெட்டு வருஷம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், எனக்குப் பத்து வயது இளையவர். முதல் நாளே ஆளுக்கு ஓர் இரும்புக் கட்டியையும் ஓர் அரத்தையும் கொடுத்து, ஆறு பக்கமும் சமமாக ராவச் சொல்லிவிட்டார். மூன்று நாள் ராவினேன். மேடம் அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "வெளிச்சம் வருது சார். கதவைத் திறந்துல்ல வெச்சிருக்கீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அடுத்து அவர்கள் முறை வரும்வரை.

கரும்பலகையில் அரத்தின் வகை பத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கையில் பிடித்தால்தான் அது என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. என் அறையில் இருக்கும் வெல்டிங் வாத்தியார் நேற்றுச் சொன்னார்: "இருபது வருஷமா நாம கரையில நின்னுக்கிட்டே நீச்சல் சொல்லிக் குடுத்திருக்கோம் சார்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் கைச்சாப்பாடு இல்லாமல் நாக்கு செத்துக் கிடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


ஜனவரி 24

அண்ணாவுக்குத் தங்கை எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. நானும் ஆணியும் நலம். முட்டி, படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது. உங்கள் வீட்டை வாரம் ஒருமுறை திறந்து பெருக்கி வைக்கிறேன்.

நீங்கள் ராவிய கதையை வாசித்துக் காட்டினேன். ஆணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. "மாமா அரத்தோட நுனியை அழுத்திப் பிடிச்சிருப்பார்மா. ரெண்டு கையிலயும் சமமா பாரம் விழணும், இல்லேன்னா ஓரம் சரிஞ்சிரும்" என்றான். அதை உங்களுக்கு எழுதச் சொன்னான். இருக்கிற இரண்டு விரலை வைத்து, சாப்பாட்டு மேஜை ஓரத்தில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குக் காட்டினான். எனக்கு எதற்கு அது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நல்ல சேதி. அவனுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பெண் தட்டச்சு வேலை பார்க்கிறாள். தகப்பனார் இரும்பு கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் பள்ளிக்கூடத்து டிரில்லிங் மெஷினில் வலது கையில் மூன்று விரல் போனதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விரல் போறது எங்க தொழில்ல நடக்கிறதுதான்மா. ஆனா பள்ளிக்கூடத்துப் பேப்பர்ல கவனக்குறைவுன்னு போட்டிருக்கே, அதுதான் யோசனையா இருக்கு" என்றார். பையனைப் பிடித்துப்போனால் பட்டறையையே அவன் பொறுப்பில் விடும் எண்ணம் அவருக்கு.

அண்ணா, நீங்கள் அவனுடைய வாத்தியார். அவன் பொறுப்பான மாணவன்தான் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அது போதும். அந்த ஒரு வார்த்தை அவனை எத்தனை இடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 13

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

ஆணி சொன்னபடி அரத்தைப் பிடித்துப் பார்த்தேன். நான்காவது கட்டியில் வெளிச்சம் தெரியவில்லை. மேடம் எதுவும் சொல்லாமல் அதைத் தன் மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். அவருடைய பாராட்டு அவ்வளவுதானாம், வெல்டிங் வாத்தியார் சொன்னார். இப்போது லேத்தில் பழகுகிறோம். உள்ளங்கையில் கொப்புளம். பேனா பிடித்த கை, புகுந்த வீட்டில் புதுப்பெண் மாதிரி திணறுகிறது.

வரன் விஷயம் மகிழ்ச்சி. நீ கேட்டதை ஊருக்கு வந்தபிறகு பேசிக்கொள்ளலாம். இப்படிப்பட்டதைப் பள்ளிக்கூட முத்திரை இல்லாமல் கொடுத்தால் செல்லாது. இங்கே குளிர் கொஞ்சம் அதிகம். ஒரு போர்வை வாங்கினேன்.

உன் அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போர்வை வாங்கியது நல்லது, சளி பிடித்தால் உங்களுக்கு லேசில் விடாது.

முத்திரை யார் கேட்டார்கள் அண்ணா? அந்த மனிதர் போன ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஒரு மணிநேரம் ஆணியோடு பேசிக்கொண்டிருந்தார். கேட் எங்கே தொய்யும், கீலை எங்கே வைக்க வேண்டும் என்று அவன் படம் போட்டுச் சொன்னதை இமைக்காமல் பார்த்தார். எழுந்து போகும்போது, "மாமா வாயால ஒரு வார்த்தை வரட்டும், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். ஏப்ரல் நடுவரை பொறுத்திருப்பாராம்.

ஆறு மாதம் கழித்து வந்து பேசுவதற்கு, நாலு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆணி கேட்கவேண்டாம் என்கிறான். "மாமாவைத் தொந்தரவு பண்ணாதேம்மா, அவர் அங்க என்ன பாடு படறாரோ" என்கிறான். நான்தான் கேட்கிறேன்.

உங்கள் தங்கை


மார்ச் 6

தங்கைக்கு,

நலம். இரண்டு நாளாக லேசான காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஆணிக்கு விபத்து நடந்த அன்று அவன் கையில் போட்டிருந்த கையுறை என்ன ஆயிற்று? ஆஸ்பத்திரியில் உன்னிடம் கொடுத்தார்களா? அதைப்பற்றி அப்போது யாராவது ஏதாவது சொன்னார்களா? ஞாபகம் இருந்தால் எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டதா? மருந்து சாப்பிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் உடம்பைப்பற்றி ஒரு வரிதான் இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கையுறை எதற்கு? ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். துணிக் கையுறை, முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. பார்க்கச் சகிக்காமல் அடுப்பில் போட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்: "கிளவுஸ் போட்டிருந்ததால தப்பிச்சான். இல்லேன்னா கையே போயிருக்கும்." உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அதுவும் நீங்கள் கொடுத்த கையுறைதானாம், ஆணி சொல்கிறான்.

கேட்ட நாலு வரி வரவில்லை. கேட்காத கேள்வி வருகிறது. உங்களுக்கு என்ன ஆயிற்று அண்ணா?

உங்கள் தங்கை


ஏப்ரல் 21

தங்கைக்கு,

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

மார்ச் நாலாம் தேதி எங்களுக்கு டிரில்லிங் மெஷின் வகுப்பு. இது எனக்குத் தெரிந்த மெஷின் என்று முதல் ஆளாகப் போய் நின்றேன். பையிலிருந்து துணிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, இரும்புப் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுவிட்சில் கை வைத்தேன். மேடம் ஓடிவந்து மின்சாரத்தையே நிறுத்திவிட்டார். என் கையைப் பிடித்து விரல் விரலாகக் கையுறையைக் கழற்றினார். திட்டவில்லை. அந்தக் கையுறைக்குள் பழந்துணியை அடைத்து, ஒரு கம்பில் மாட்டி, சுற்றுகிற துளைப்பான் பக்கம் நீட்டினார். நூல் ஓர் இழை பட்டதுதான் தெரியும். கையுறை முழுக்கச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. கம்பு முறிந்தது. அதில் இருந்தது விரலாக இருந்திருந்தால் என்று அவர் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது.

சுற்றுகிற மெஷினில் வெறுங்கையோடுதான் வேலை செய்யவேண்டுமாம். பட்டையைக் கையால் பிடிக்கவே கூடாது, வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில் இறுக்கிப் பூட்டத்தான் வேண்டுமாம். பதினான்கு பேரில் ஐந்து பேர் பையில் கையுறை வைத்திருந்தோம். மேடம் என்னிடம் கேட்டார்: "பசங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்களா சார்?" நான் இல்லை என்று சொன்னேன்.

தங்கச்சி, அவன் கையைக் காப்பாற்றியது அந்தக் கையுறை இல்லை. விரலைக் கொண்டுபோனதே அதுதான். எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் இருபத்திரண்டு வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாட்டிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வைஸை ஆணி பூட்டவில்லை என்று விசாரணையில் முடிவானதே, அன்றைக்கு வைஸ் அங்கே இல்லை. ஸ்டோர் அலமாரியில் இருந்தது, சாவி வைத்திருந்தவர் லீவு. அவன் கேட்டான். "கையில பிடிச்சுக்கோ, கிளவுஸ் போட்டிருக்கேல்ல, ஒண்ணும் ஆகாது" என்று நான்தான் சொன்னேன். ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "பையன் பேர்ல போட்டா யாருக்கும் தொல்லை இல்லை. உங்க குடும்பம்தானே, யார் கேட்கப்போறா?" என்றார். அறிக்கையை கிளார்க் டைப் அடித்து வைத்திருந்தார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். வேலை போய்விடும் என்று பயம்.

கேட்ட நாலு வரியை இதோடு வைத்திருக்கிறேன். உண்மை அத்தனையும் அதில் எழுதியிருக்கிறேன். ஆணியிடம் நீயே சொல்.

அண்ணன்


மே 12

தங்கைக்கு,

போன கடிதம் கிடைத்ததா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது?

மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "என்கிட்ட சொல்லி என்ன சார், எங்க எழுதினீங்களோ அங்க போய் மாத்தி எழுதுங்க" என்றார். அன்றே பள்ளிக்கூடத்துக்கும் மேலதிகாரிக்கும் பதிவுத் தபாலில் எழுதினேன். என் வேலைக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

திட்டியாவது ஒரு வரி போடு.

அண்ணன்


மே 30

மாமாவுக்கு,

ஆணி எழுதுவது. இடதுகை எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா எழுதமாட்டேன் என்கிறார். உங்கள் கடிதத்தை வாசற்படியில் உட்கார்ந்து படித்தார். பிறகு என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தார். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தார்.

உங்களுக்குக் கையுறை விஷயம் தெரியாது என்பதை நம்புகிறேன். தெரிந்து செய்கிற ஆள் இல்லை நீங்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் மாமா. அன்றைக்கு வைஸ் மேஜைமேலேயே இருந்தது, சோம்பல்பட்டு நான்தான் எடுக்கவில்லை என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பச்சை வர்ணம் அடித்த வைஸ். அதைக் கை நீட்டி எடுத்திருக்கலாமே என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அது அங்கே இல்லவே இல்லை என்கிறீர்கள். விசாரணைப் பேப்பரைப் படித்துப் படித்து, நடக்காதது எனக்கு ஞாபகமாகவே ஆகிவிட்டது. விரல் போனதைக்கூடச் சகித்துக்கொண்டேன். நான் கவனமில்லாதவன் என்று நானே நம்பினேனே, அதை என்ன செய்வது? லாரி ஆபீசில் ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். என்னைக் கேலி செய்வார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஏப்ரல் கடைசியில் வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்தார். "தம்பி, நல்ல மனுஷன் நீ. ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

அம்மாவின் முட்டியைக் கேட்டிருந்தீர்கள். வலிக்கிறது. இனிமேல் எழுதுவதாக இருந்தால் அம்மாவுக்கே எழுதுங்கள்.

ஆணி


ஜூன் 18

அன்புத் தங்கைக்கு,

ஆணியின் கடிதத்தைப் படித்தேன். அவன் சொன்னபடி உனக்கே எழுதுகிறேன்.

பயிற்சி அடுத்த மாதம் முடிகிறது. மேலதிகாரியிடமிருந்து பதில் வந்தது. முடிந்துபோன விவகாரம், கோப்பு கிடைக்கவில்லை, அதனால் திருத்த வழியில்லை என்று இரண்டு வரி. நான் தண்டனைக்குக் காத்திருந்தேன். அதே உறையில் இன்னொரு தாள் இருந்தது. கைவேலைத் தேர்வில் பதினான்கு பேரில் நான் இரண்டாவதாம். அதனால் ஊர் ஊராகப் போய் மற்ற வாத்தியார்களுக்கு மெஷின் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதவி உயர்வு. வெல்டிங் வாத்தியார் கைகொடுத்தார். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதை வாங்கிக்கொள்ளலாமா, வேண்டாம் என்று எழுதட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். ஜூலை நடுவில் ஊருக்கு வருகிறேன். உன்னையும் அவனையும் நேரில் பார்த்துக் காலில் விழவேண்டும். இப்போது என்னிடம் மறைக்க எதுவும் இல்லை.

அண்ணன்


ஜூலை 8

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன.

கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்சு இருக்கிறதே, அதில் உட்கார்ந்தேன். நாளைக்கு வாங்க என்றார்கள், போனேன். திரும்ப நாளைக்கு என்றார்கள், திரும்பவும் போனேன். ஐந்தாம் நாள் அந்த கிளார்க்குக்கே பொறுக்கவில்லை. பழைய பீரோவின் மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துவந்து, என் மடியில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

டைப் அடித்த அறிக்கை இருந்தது. நீங்கள் சொன்னமாதிரி கீழே உங்கள் கையெழுத்து. அதற்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. அது டைப் அடித்தது இல்லை. முத்துமுத்தாக உங்கள் எழுத்து. சின்ன வயதில் என் நோட்டுக்கு அட்டை போட்டு என் பெயர் எழுதிக்கொடுத்த எழுத்து, எனக்குத் தெரியாதா?

"மேற்படி மாணவன் என் தங்கை மகன். அந்த உரிமையில் வகுப்பில் என் சொல்லை மதிப்பதில்லை. வைஸில் பூட்டும்படி இரண்டு முறை எச்சரித்தும் கேட்கவில்லை. இது முழுக்க அவனுடைய கவனக்குறைவு."

தேதி, விபத்து நடந்த அதே நாள். நேரமும் போட்டிருக்கிறீர்கள், மாலை நான்கு மணி. நான்கு மணிக்கு அவனை ஆப்பரேஷன் தியேட்டருக்குள் வைத்திருந்தார்கள். "நீ இங்கேயே இரு, நான் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று என்னை வாசலில் உட்காரவைத்துவிட்டுப் போனீர்கள். திரும்பி வர ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. பாவம், கடை கடையாக அலைந்திருக்கிறார் என்று நினைத்தேன். உங்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

தலைமையாசிரியர் கூப்பிட்டது ஒரு வாரம் கழித்து என்று எழுதினீர்கள். அதற்கு முன்னாலேயே, யாரும் கேட்காமலே, நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். தெரியாமல் செய்ததைச் சொன்னீர்கள், சரி. பயத்தில் செய்ததைச் சொன்னீர்கள், அதுவும் சரி. இதை மட்டும் ஏன் அண்ணா விட்டுவிட்டீர்கள்? கோப்பு கிடைக்கவில்லை என்ற பிறகுதானே மறைக்க எதுவும் இல்லை என்று எழுதினீர்கள்?

பதவியைப்பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் போங்கள். எத்தனை வாத்தியார் இன்னும் கையுறை மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார்களோ, எல்லோருக்கும் சொல்லுங்கள். சொல்வதை முழுசாகச் சொல்லுங்கள்.

அந்தத் தாளுக்கு நகல் எடுத்து ஆணியிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தான். "மாமா இப்பவாவது ஒழுங்கா ஓட்டை போடக் கத்துக்கிட்டாராம்மா?" என்று கேட்டான். தேர்வில் இரண்டாவதாக வந்திருக்கிறார் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

ஊருக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆணியின் அம்மா